மூன்றாவது டப்பா

தொண்ணூற்று நாலு கிலோ.
கோரிப்பாளையம் டாக்டர் அதைச் சீட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.
முழங்கால் உங்களுடையதுதானே, என்றும் கேட்டார்.

மச்சினன் மகன் தவசி
புதூரில் ஜிம் வைத்திருக்கிறான்.
'சோத்தை விடுங்க மாமா, இதைப் பிடிங்க' என்று
ஒரு டப்பாவை மடியில் வைத்தான்,
பச்சைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல.
விலை, என் சம்பளத்தில் கால்.

மத்தியானம் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி.
தண்ணீர், கம்பிப் பந்து, இருபது குலுக்கு.

எனக்கு வேலை சிம்மக்கல்லில்,
ராத்திரிப் பரோட்டாக் கடையில், கல்லாவில்.
ஒன்பது மணிக்கு உதுமான்
கொத்துப் போட ஆரம்பிப்பான்.
தகடும் கல்லும் மோதுகிற அந்தச் சத்தத்துக்குள்
மேசைக்கு அடியில் நானும் குலுக்குவேன்
தாளம் தப்பாமல், யாருக்கும் தெரியாமல்
என்றுதான் நினைத்திருந்தேன்.
நாலாம் நாள் இலை எடுக்கிற பையன் கேட்டான்:
'என்னண்ணே, ஜிகர்தண்டாவா?'

சாக்லேட் என்று டப்பாவில் போட்டிருக்கிறது.
போட்டவன் சாக்லேட்டைப் பற்றிக்
கேள்விப்பட்டிருப்பான்.
நாக்கில் அந்த மாவு காய்வதற்குள்
சால்னா வாசம் வந்து மேலே உட்காரும்.
ஐநூறு, நூறு, ஐம்பது, சில்லறை.
எல்லா நோட்டிலும் எண்ணெய்.
விரலை நக்கி எண்ணுகிற இருபது வருடப் பழக்கத்தை
அந்த வாரம்தான் விட்டேன்,
பயத்தில்.

பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது.
ஆணியைக் காய்ச்சி நானே போட்டேன்.
முகம் சுண்டிப்போச்சுண்ணே, என்றான் உதுமான்.
முகம் எடுப்பா வந்துருச்சு மாமா, என்றான் தவசி.
ஒரே முகம்தான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.
பையன் ஓசூரில், கம்பெனியில்.
முன்பெல்லாம் நான் கடைக்குக் கிளம்புமுன்
இரண்டு மணிக்கு இரண்டு தட்டு விழும்.
அயிரை மீன் கிடைத்த நாளில்
பேச்சே இருக்காது.
மற்ற நாட்களில் சண்டை போட்டபடி சாப்பிடுவோம்.
இப்போது நின்றபடியே குடித்துவிட்டுச்
செருப்பைத் தேடுகிறேன்.
சோலையம்மாளுக்கு வேலை மிச்சம் என்று
என் பேரில் ஒரு புண்ணியத்தையும் வரவு வைத்திருந்தேன்.

உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்து.
ஆரப்பாளையத்தில் பஸ் வர நேரமிருந்தது.
விளக்குச் சுற்றுகிற எடை மெஷினில் ஏறினேன்.
எண்பத்தொன்பது.
அட்டையின் பின்பக்கம்,
உழைப்புக்கேற்ற பலன் உண்டு.
சிரித்துக்கொண்டே, நீயும் ஏறு என்றேன்.
கையிலிருந்த வாழைப்பழச் சீப்போடு ஏறினாள்.
நாற்பத்தேழு.
சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில்
இதேபோல் ஒன்றில் ஏறியபோது ஐம்பத்தைந்து.
கேலி செய்தவன் நான், மறக்குமா.

பவுடர் குடிக்காமல் எட்டுக் கிலோ.
பழத்தைக் கழித்தால் இன்னும் கூட.

'ஒருத்திக்கு எதுக்கு உலை வைக்க?
டீயும் பன்னும் போதும்.
பசிச்சாத்தானே.'
பஸ் வந்தது.
ஜன்னலோரம் பிடிக்க ஓடினாள்,
இப்போதும் என்னைவிட வேகமாக.

விருந்தில் கறிச்சோறு. நான் இலையை மறுக்கவில்லை.
அவள் மூன்று கவளத்தில் கையை எடுத்தாள்.
வயிறு சுருங்கிருச்சு போல, என்றாள்,
வேறு யாரோ ஒருத்தியின் வயிற்றைச் சொல்வதுபோல.

மறுநாள் உலை வை என்றேன்.
'நீங்க திங்கப் போறீங்களா?'
'இல்லை. உட்காரப் போறேன்.'
தட்டு இரண்டாகவே வந்தது, கைப்பழக்கம்.
என் தட்டில் குலுக்கியை வைத்துக்கொண்டேன்.
அவள் சாப்பிட்டாள்.
நான் கவளத்தை எண்ணினேன், நோட்டு எண்ணுவதுபோல,
உதடு அசையாமல்.
பதினொன்றில் நிமிர்ந்தாள்.

'அந்தப் பழைய ரெண்டு டப்பால
துவரம்பருப்பும் புளியும் கெடக்கு.
இது எப்போ தீரும்?'

மூடியைத் திறந்து காட்டினேன்.
பாதிக்கு மேல் இருந்தது.
'ரசம் ஊத்திக்கிறேன்,' என்றாள்.
சரி, ஊத்திக்கோ.