சுரண்டிய இடம்

வியாசர்பாடி. மே மாசம், சாயங்காலம் ஐந்து.
சூட்டில் எர்வினின் ஃபஸ் பெடல் உளற ஆரம்பித்தது.
'ஜெர்மேனியம், அப்படித்தான்' என்றான்.

ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றி
பிளேடால் சுரண்டினேன்.
கறுப்பு பெயின்ட், அடியில் கண்ணாடி,
உள்ளே வெள்ளைப் பசை.
பசையில் புதைந்து
மூக்குத்திக் கல்லைவிடச் சின்ன
சாம்பல் சில்லு.
இதுவா நேற்று ராத்திரி
கீழ்வீட்டு ஃபிலோ அக்காவைக்
கரண்டியோடு மாடியேற வைத்தது?

திரும்பப் பொருத்தினேன்.
கிடாரை யாரும் தொடவில்லை,
ஆம்ப் ரீங்கரித்தது.
விரலால் மூடினேன், நின்றது.
எடுத்தேன், மறுபடி.
டியூப்லைட் அதற்குக் கேட்கிறது.

எர்வின் லைட்டை அணைத்தான்.
ஜன்னலில் சாய்ந்த வெயில் மட்டும்.
சத்தமில்லை.

பிறகு அரக்கோணம் லோக்கல்
வெயிலுக்குக் குறுக்கே போனது.
டப், டப், டப் என்றது ஆம்ப்,
கதவு திறந்திருந்த
ஒவ்வொரு பெட்டிக்கும்.