தூத்துக்குடித் துரு

நட்டு கழன்றுவிட்டது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
சனிக்கிழமை முழுவதற்கும்
கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

போல்ட் வரவில்லை.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால்
கால் சுற்று பணிவாகச் சுற்றுகிறது.
கையை எடுத்ததும்
உள்ளிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கவிழ்ந்து
பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைக்கிறது.
ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு
கோப்பைத் தொடாத ஹெட் கிளார்க் போல.

கோத்தகிரி, டானிங்டனுக்குக் கீழே.
வீட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே
ஒரு காரளவு சரிவு.
மூன்று சக்கரங்களுக்குக் கல் கொடுத்து
நான்காவதைக் கழற்றி
அடியிலேயே படுக்கப் போட்டு
(ஜாக்கி நழுவினால் அதுவாவது தாங்கட்டும்)
கற்பூர மரக் கட்டையும் செருகி
மல்லாந்து கிடக்கிறேன்.
ஐப்பசி.
முதுகுக்குக் கீழே சாக்கு ஊறிவிட்டது.
மேகம் வண்டிக்கடியிலும் நுழைந்து
யார் கிடப்பது என்று பார்த்துவிட்டுப் போகிறது.

"மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துட்டுப் போயிடுங்க மேடம்,
அங்கதான் பிரஸ் இருக்கு" என்றார் குன்னூர் மெக்கானிக்.
இந்த டக்டக்கோடு
அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கச் சொன்னவர்
என் எல்.ஐ.சி. ஏஜென்ட்டையும்
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வியாழன் இரவு மண்ணெண்ணெய்.
வெள்ளி, பள்ளிக்குக் கிளம்பும் முன் பிரேக் ஆயில்.
வெள்ளி இரவு, வேறு வழியின்றி, தேங்காய் எண்ணெய்.
அது குளிரில் உறைந்து
பாட்டிலை விட்டே இறங்கவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் அறுபத்தொன்பது என்று இருந்தது.
வாங்கும்போது நான் பார்த்தது
சீட் கவர், ஹீட்டர், ஓடிய கிலோமீட்டர்.
டேஷ்போர்டு இடுக்கில் பிறகுதான் கிடைத்தது
உப்பளத்து எடைச்சீட்டு ஒன்று,
கையெழுத்து மட்டும் அழிந்து.

கோடநாடு முனையில் நின்றால்
மழை கழுவிவிட்ட நாளில்கூட
மாயாறும் சமவெளியும்தான் தெரியும்.
கடல் தெரியாது.
ஆனால் என் மூக்குக்கு மேலே நான்கு அங்குலத்தில்
பத்து வருஷக் கடற்காற்று
ஒரு குழாய்க்கும் ஒரு தண்டுக்கும் இடையே
மயிர் நுழையாத இடத்தில் நுழைந்து உட்கார்ந்து
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அடித்தேன்.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு குருவி பறந்தது.
மீண்டும் அடித்தேன்.
மாடி வீட்டிலிருந்து ஹம்சா இறங்கி வந்தார்.
இரவெல்லாம் வர்க்கி அடுப்பின் முன் நின்றவர்.
உதவ வரவில்லை,
தூக்கத்தைத் திருப்பிக் கேட்க வந்தார்.

"டீச்சரே, இன்னும் எத்தனை அடி பாக்கி?"

பதிலுக்கு நான் ஸ்பேனரைத் திருப்பிக் காட்டினேன்.
கால் சுற்று. கையை எடுத்தேன். திரும்பி வந்தது.
குனிந்து பார்த்தவர்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ஆக்ஸா பிளேடு. சட்டம் உள்ளே நுழையாது;
ஒரு முனையில் துணி சுற்றி வெறுங்கையால்.
புஷ்ஷுக்கு முன்புறம் அவர், பின்புறம் நான்.
ஒரே போல்ட்டில் இரண்டு வெட்டு.
அவர் இழுக்கும்போது என் விரல் அதிர்ந்தது.
நான் இழுக்கும்போது அவர் ஏதோ எண்ணினார்,
மலையாளத்தில், மாவுக்கு எண்ணுகிற மாதிரி.
முன்கை முழுக்க அடுப்பின் பழைய தழும்புகள்.
மூன்று பிளேடு ஒடிந்தது.
பேசிக்கொள்ளவில்லை,
நான்காவது இருக்கிறதா என்று கேட்டதைத் தவிர.

நாலே காலுக்கு ஆர்ம் என் மார்பில் விழுந்தது.
வெட்டிய முகம் புதுக்காசாய் மின்ன
அதைச் சுற்றிப் பழுப்புப் பொடி.
கடல்தான் என்றேன்.
கதையை முழுதாகச் சொன்னேன்: நம்பர், உப்பளம், எடைச்சீட்டு.

ஹம்சா விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.
வர்க்கி மாவைப் பார்க்கிற அதே முகம்.
"உப்பில்லையே" என்றார்.
துப்பிவிட்டு மாடிக்குப் போனார்.

வலது பக்கம் இன்னொன்று இருக்கிறது.
ஏழு மணிக்குத்தான் எழுவார்.
சுத்தியலைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு
படியில் உட்கார்ந்திருக்கிறேன்.