அகாமாவின் அழகு

நாலு சிவில் ஐடியின் நகல்கள்
ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன.
நாலிலும் நான்.
நாலிலும் தாடையோரம் பரு.

அகத்தின் அழகு முகத்தில் தெரியுமாம்.
ஃபர்வானியாவில் அதைச் சற்றுத் திருத்திச் சொல்லலாம்:
அகாமாவின் அழகு.

புதுப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போதே
தோலுக்குத் தெரிந்துவிடும்.
கம்பெனி மந்தூப் ஃபோனை எடுக்கமாட்டார்.
மேனேஜர் "பார்க்கலாம்" என்பார்,
எதை என்று சொல்லமாட்டார்.
மூன்றாவது மேசை லில்லிபாயின் நாற்காலி
ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியாக இருக்கும்.
அன்றிரவு உதட்டுக்குக் கீழே ஒன்று கிளம்பும்.
சூடாக, உருண்டையாக,
தொட்டால் உள்ளே எங்கோ துடிக்கும்.
அதற்கு மட்டும் விசா வேண்டியதில்லை.

செய்யக்கூடாததையெல்லாம் செய்தேன்.
பற்பசை வைத்தேன். எரிந்தது, தோல் உரிந்தது,
பரு அப்படியே இருந்தது.
எலுமிச்சை தேய்த்துக்கொண்டு
ஜூலை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன்.
லிஃப்ட் கண்ணாடியில், ஆறாவது மாடி வருவதற்குள்,
இரண்டு நகங்களால் கிள்ளினேன்.
இரண்டாவது அகாமாவின் வடு இன்னும் இருக்கிறது,
பேரீச்சங்கொட்டை நிறத்தில்.

டாக்டர் ஹனான் எகிப்துக்காரர்.
விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து
"தூங்குகிறாயா?" என்றார்.
நான் கிரீமைப் பற்றிக் கேட்டேன்.
"தூங்குகிறாயா?" என்றார் மறுபடியும்.
பயம் பருவைப் பெறுவதில்லையாம்,
இருப்பதை ஊதிப் பெரிதாக்குமாம்.
பயந்த உடம்பு எதையோ சுரக்க,
எண்ணெய்ச் சுரப்பிகள் அதைக் கேட்டுக்கொண்டு
கூடுதல் நேரம் வேலை பார்க்குமாம்.
ஓவர்டைம் காசு கிடையாது, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்:
இரண்டு வேளை, மென்மையான சோப்பு, தேய்க்காமல்.
இரவில் பட்டாணி அளவு ஜெல்.
வெளியே போகுமுன் எண்ணெய் இல்லாத சன்ஸ்கிரீன்.
கை தாடைக்குப் போனால் திருப்பிக் கூப்பிடு.
எட்டு வாரம் பொறு.

எட்டு வாரமா?
எனக்கு ஆறு வாரந்தான் அகாமா இருக்கிறது.

ஆகஸ்டில் இங்கே பச்சைத்தண்ணீர்க் குழாயில் கொதிநீர் வரும்,
மொட்டைமாடித் தொட்டி வெந்துகொண்டிருக்கும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
சுடுநீர்க் குழாயைத் திறக்கவேண்டும்.
ஆறிய நீர் அதில்தான்.
வந்த புதிதில் இது தெரியாமல் முகத்தைச் சுட்டுக்கொண்டேன்.
இப்போது அந்த நீரை இரு கையிலும் ஏந்தி
முகத்தை அதற்குள் வைக்கிறேன்.
முப்பது வரை எண்ணவேண்டும்.
பன்னிரண்டிலேயே மேனேஜர் வந்துவிடுவார்.
மறுபடி ஒன்றிலிருந்து.

ஜெல் பட்ட நீலத் தலையணை உறையெங்கும்
சாயம் போய் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள்.
"வானம் மாதிரி இருக்குடி" என்கிறாள் அறைத்தோழி மெர்சலின்.
என் ஃபோனைப் பிடுங்கி
அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடுகிறாள்,
பதினோரு மணிக்கு மேல்
எந்த மந்தூப்பும் மெசேஜ் போடமாட்டான் என்று.
உண்மைதான். பகலிலேயே போடாதவன்.

வீட்டுக்கு ஃபில்டர் போட்டுத்தான் பேசுகிறேன்.
நல்லாயிருக்கேன் என்று சொல்வது
அந்த வழவழப்பான பெண்.
"பளபளன்னு ஆயிட்டியே,
அந்த ஊர்த் தண்ணி ஒனக்கு ஒத்துக்குது"
என்கிறாள் கம்பத்திலிருந்து அக்கா.
ஒத்துக்குது அக்கா.

ஆறாவது வாரம்.
ஸ்டூடியோக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார்.
இரண்டு அமுங்கியிருந்தன.
ஒன்று அமுங்கவில்லை.
"தூக்கிடட்டுமா மேடம்? ஒரே கிளிக்."
யாரை என்று ஒரு கணம் திக்கென்றது.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

நாலு பிரதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால்
தூசிக்காற்று. எதிர்க்கட்டடம் இல்லை.
கை தாடைக்குப் போனது.
பைக்குள் வைத்துக்கொண்டேன்,
படங்களோடு கையையும்.