ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஆனி வெயில்,
ஆறாவது வரிசை. முன்னால் ஒரு பால் வண்டி.
நான் நின்றுகொண்டிருந்தேன்.
இந்த ஒரு வினைமுற்றைத்தான்
பிறகு பதினாறு நாள் எல்லோரிடமும் சொன்னேன்.
நின்றுகொண்டிருந்தேன்.

பின்னால் வந்தது
கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய் லாரி.
சத்தம் முந்தியதா, இடி முந்தியதா?
பள்ளிப் பிள்ளைகளுக்குக் காது சோதிப்பவள் நான்,
எனக்கே தெரியவில்லை.
டிக்கி வாய் பிளந்தது.
பெங்களூரா மாங்காய்கள் உருண்டு வந்து
அதற்குள் குடியேறின.

'வண்டி பாதுகாப்பான இடத்தில் உள்ளதா, மேடம்?'
உள்ளது.
'தவறு உங்களுடையது இல்லை என்பதற்கு ஏதாவது?'
ஒன்றை அழுத்தினேன். நான்கை அழுத்தினேன்.
காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு நாதஸ்வரம்,
மூவாயிரம் ஹெர்ட்ஸில் கீறல் விழுந்தது.

லாரி ஓட்டி வந்த திம்மராயன்தான்
'கழுத்து வலிக்குதாம்மா' என்று கேட்டார்.
வேறு யாரும் கேட்கவில்லை.
'தப்பு என்னுதுதான், எங்க வேணா எழுதித் தரேன்.'
எழுதியும் தந்தார்,
மாங்காய் எடைச்சீட்டின் பின்பக்கம்.
அது செல்லாதாம்.

மூன்றாம் நாள் சர்வேயர் முனிரத்தினம் வந்தார்.
நசுங்கிய இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்,
இங்கே வலிக்கிறதா என்பதுபோல்.
வண்டியில் பொருள் ஏதும்?
ஆடியோமீட்டர். பெட்டி போச்சு, கருவி பிழைத்தது.
மாங்காய்?
என்னுடையதல்ல.
எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.
அதற்குள் ஷெட் பையன்கள்
உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு
சாட்சியத்தில் பாதியைத் தின்றிருந்தார்கள்.

மாற்று வண்டி உண்டு என்று
பாலிசியின் முப்பத்தொன்றாம் பக்கத்தில்
நான்தான் கண்டுபிடித்தேன்.
'அப்படி ஒரு வரி இருக்கா?' என்றார்
அதை எனக்கு விற்ற குப்புராஜ்.

பதினாறாம் நாள் ஓசூரிலிருந்து வந்தது.
கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து.
சீட்டு யாரோ நெட்டைக்காலருக்குத் தள்ளி வைத்தது.
ரேடியோ கன்னடம் பேசியது.
மிதியடிக்கு அடியில் நான்கைந்து அட்சதை அரிசி.
எவர் கல்யாணத்துக்கோ போய் வந்திருக்கிறது.
பெருக்கித் தள்ள மனம் வரவில்லை.
எதிர்வீட்டு ஜெயக்கொடி எட்டிப் பார்த்து,
'வாடகைக்கு விட்டுட்டீங்களா?' என்றாள்.

நாளைக்கு நூறு கிலோமீட்டர்.
மேலே போனால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்.
நின்றவளுக்கு இவ்வளவுதான் கயிறு.
முளையில் கட்டிய ஆடு மாதிரி
பர்கூர், காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை.
அஞ்செட்டி போய்வர நூற்றைம்பது.
ஆகவே அஞ்செட்டிப் பிள்ளைகளின் காது
அடுத்த மாதம்.
அவர்களும் எதுவும் செய்யவில்லை.

திம்மராயன் நேற்று போன் செய்தார்.
லாரி ஸ்டேஷனில் நிற்கிறதாம்,
அவருக்கு மாற்று லாரி என்று எதுவும் கிடையாது.
'கழுத்து எப்படி இருக்கு?'
திருப்பினால் கொஞ்சம், என்றேன்.
மூன்று வாரமாகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே
முன்னால் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

இன்று ராயக்கோட்டை. நாலாம் வகுப்பு.
ஹெட்போன் அவன் தலைக்குப் பெரிது.
'சின்னச் சத்தம் கேட்டாலும் கையத் தூக்கணும், சரியா?'
தலையாட்டுகிறான்.
கண்ணை மூடிக்கொள்கிறான்.

பொத்தானை நான் இன்னும் தொடவில்லை.
கை மேலே போகிறது.

வெகுதூரத்தில், மேட்டுச் சாலையில்,
ஏதோ ஒரு லாரி பிரேக் பிடிக்கிறது.

எனக்கும் கேட்டது, தம்பி.