வேலிக்கு அந்தப் பக்கம்

வூட்ஜ் நகரின் வடகோடி.
இரண்டு வீட்டுக்கு நடுவே துருப்பிடித்த கம்பிவலை.
சந்தையில் வாங்கிய கிளெமாட்டிஸைத்
தொட்டியிலிருந்து கவிழ்த்து
என் பக்கம்தான் நட்டேன்.
அடியில் உடைந்த கூரையோடு இரண்டு:
வேர் குளிரவேண்டும், தலை காயவேண்டும்
என்று சொல்லித்தான் விற்றாள்.
டிராம் ஓட்டுகிறவளுக்கு நேர்மாறு.
ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் வெந்துகிடக்கும்,
கண்ணாடிக்கு வெளியே பனி.

முதல் கோடையில் ஒன்றுமில்லை.
இரண்டாம் கோடையில் இலைக்காம்பே விரலாகிக்
கம்பியைச் சுற்றிக்கொண்டது,
ஒரு சுற்று, அப்புறம் அவசரமில்லாமல் இன்னொன்று.
மேலே போனது.
மேலே போய்
அந்தப் பக்கம் குனிந்தது.

தெற்கு அவர் பக்கம்.
வெயில் அவர் பக்கம்.
எனக்கு வாய்த்தது தண்டும்
இலைகளின் வெளிறிய முதுகும்.

பீன்ஸ் போட்டிருக்கலாம் என்றாள் பொழேனா,
மூன்றாவது வீட்டுக்காரி.
அவள் கொடியிலும் பூ உண்டு, நல்ல சிவப்பு;
அவளுக்குப் பூ என்பது
காய்க்கு முந்திய தாமதம்.

வித்தோல்ட் பேசுகிற ஆள் இல்லை.
லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்.
காலை நாலேகாலுக்கு நான் கதவைப் பூட்டும்போது
வேலிக்கு மேலே ஒரு தொப்பி வரும்.
“பதினேழு.”
அவ்வளவுதான்.
வணக்கமும் இல்லை, வானிலையும் இல்லை.
மறுநாள் இருபத்திரண்டு.
ஆலங்கட்டி அடித்த வெள்ளிக்கிழமைகூட முப்பத்தொன்று.
ஒரே ஒரு தடவை விவரம் சேர்த்தார்:
“ஊதா. நடுவில் மஞ்சள். என் உள்ளங்கை அகலம்.”

அந்த எண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன்.
டிப்போ வாசலில் முப்பத்தொன்று.
சிக்னலில் முப்பத்தொன்று.
குடிகாரன் ஒருவன் கதவை உதைத்துத்
தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதபோதும்
முப்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டு
பிரேக்கை மெல்ல விட்டேன்.
காணாத பூவுக்குக்
கணக்குப்பிள்ளை வைத்திருந்தேன்,
சம்பளம் இல்லாமல்.

ஜூலையில் இரண்டு நாள் தொப்பி வரவில்லை.
மூன்றாம் நாள் பொழேனா சொன்னாள்:
ஏணியிலிருந்து. இடுப்பெலும்பு.
ஆறு வாரம் ஆகுமாம்.
சாவி அவளிடம் இருந்தது.

தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்,
எட்டு வருஷத்தில் முதல் தடவை.
ஏணி இன்னும் புல்லில் கிடந்தது.
என் கொடியை அவர்
ஷூ லேஸாலும் பழைய லிஃப்ட் வயராலும்
கட்டியிருந்தார், எட்டு வடிவில், இறுக்காமல்,
தண்டு தடிக்க இடம் விட்டு.
பாதிக்கொடி கறுத்துச் சுருண்டிருந்தது.
வாடல் நோய், ஒரே இரவில் சாய்க்கும்
என்று அப்புறம் படித்தேன்.
கறுத்ததை நறுக்கி எடுத்த வடுக்கள்
இந்த வருஷத்தவை சில,
போன வருஷத்தவை பல.

எண்ணினேன்.
கீழிருந்து மறுபடி எண்ணினேன்.
நாலு.

கோபம் வந்தது, மறைப்பானேன்.
அந்த முப்பத்தொன்றை நான்
எங்கெல்லாம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன்!
அவருடைய கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.
நாலில் ஒன்று
என் முகத்துக்கு நேரே இருந்தது.
அதன் ஊதாவை எவரும் எனக்குச்
சரியாகச் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் கத்தரியைத் தேடி எடுத்து
கறுத்த பாகத்தைத் தரையோடு வெட்டி
நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன்.
பொழேனா வந்து நின்றாள்;
பீன்ஸுக்கு வைத்திருந்த மூங்கில் கழி இரண்டை
ஒன்றும் சொல்லாமல் ஊன்றிவிட்டுப் போனாள்.

ஞாயிறு, மருத்துவமனை. மூன்று கட்டில் அறை.
செர்ரி வேகவைத்த சாறு ஒரு போத்தல் கொண்டுபோனேன்.
அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்:
“எத்தனை?”
என்னிடம் தொப்பி இல்லை.
இருந்தும் அவர் குரலில்தான் வந்தது:
“ஐம்பத்திமூன்று.”

வெகுநேரம் பேச்சில்லை.
தள்ளுவண்டியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

“அதிகம்,” என்றார்.
“கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்.
பக்கத்துக் கட்டில்காரர்
நம்பவேண்டாமா?”