ஈரச் சாக்கு

மேற்கே முந்திரித் தோப்பில் சருகு பிடித்துக்கொண்டது.
யார் பீடியோ, எவன் வரப்பைக் கொளுத்தினானோ,
மாசிக் கடைசியில் நெருப்புக்குத் தாய் தகப்பன் தேட முடியாது.
தானே புயலில் சாய்ந்து, மறுபடி கன்று வைத்து,
இப்போதுதான் நிழல் கட்டிய மரங்கள்.

தீ முத்தாண்டிக்குப்பம் வரை வரவில்லை.
புகை வந்தது.
பால்காரருக்கு முன்னால் வந்து வாசலில் நின்றது.

முந்திரி உடைக்கிறவளுக்குப் புகை புதிதில்லை.
கொட்டை எண்ணெய் தின்ற விரல் இது.
ரேஷன் கடை மிஷின் என் கைரேகையை
மூன்று மாதமாக நம்பவில்லை.
ஆனாலும் இது சூளைப் புகை மாதிரி
இரும வைத்துவிட்டு மேலே போகிற புகை இல்லை.
தரையோடு தரையாகப் படுத்தது,
சரியாகக் கோழியின் உயரத்தில்.

ஏழு உருப்படி என்னிடம்.
சாம்பல் பெட்டை வாயைத் திறந்தபடி நின்றாள்.
வெயிலுக்குத் திறக்கிற வாய் எனக்குத் தெரியும்.
இவளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும்
வால் ஏறி ஏறி இறங்கியது.

கால்நடை ஆஸ்பத்திரி சுகந்தி மேடம் போனில் சொன்னாங்க:
"ஓட விடாதீங்க. தவிட்டுத் தூசி கிளப்பாதீங்க.
தண்ணி மட்டும் மாத்தி மாத்தி வைங்க.
நம்மள மாதிரி காறித் துப்பி ஒதுக்க
அதுங்களால ஆவாது.
மூச்சு எலும்பு வரைக்கும் போவும்."

எலும்பு வரைக்கும்.
போனை வைத்த பிறகும்
அந்தச் சொல் என் முழங்கையில் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கதவு சாத்துகிற ஒரே இடம்
கவர்மெண்ட்டில் கட்டித் தந்த கக்கூஸ்.
கட்டிய நாள் முதல் அதில் விறகுதான் இருந்தது.
விறகை வெளியே தள்ளி, பீங்கான்மேல் பலகை போட்டு,
தரைக்கு ஈர மணல், கதவிடுக்குக்கு என் பழைய நைட்டி,
சிமெண்ட் ஜாலிக்கு நனைத்த உரச் சாக்கு,
மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு.

ஓட விடாமல் கோழி பிடிப்பது எப்படி என்று
மேடம் சொல்லவில்லை.
சேவல் முருங்கைமேல்.
"அடிச்சுக் கொழம்பு வெச்சா வேல முடிஞ்சுது"
என்றாள் அஞ்சலாட்சி, முந்தானைக்குள்ளிருந்து.
சொன்னவளே ஏணி கொண்டுவந்தாள்.
துண்டைப் போட்டேன்.
தலையில் இருட்டு விழுந்ததும்
சண்டியர் பேசாமல் கைக்குள் வந்தான்.

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.
மகனுக்குக் கடை பன்.

செவலை மட்டும் எழுந்திருக்கவில்லை.
அடைக்குப் பதினாறாம் நாள், பதினோரு முட்டை.
பாதி ஆயுசு ஓடு உடைத்தே போனவள் நான்.
கொட்டை ஓட்டுக்குள் கையை வேகவைக்கிற எண்ணெய்.
இந்த ஓட்டுக்கோ
கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துவாரம்.
உள்ளே இருப்பதற்கும் இதே காற்றுதான்.

கூடையோடு தூக்கினேன்.
கொத்தினாள். கொத்தட்டும்.
ரேகையில்லாத விரலில் ஒரு சொட்டு ரத்தம்,
அதையாவது மிஷின் என்னுடையது என்று ஒத்துக்கொள்ளுமோ?

இரண்டு ராத்திரி.
சாக்கு காயக் காய நனைத்தேன்.
பண்ருட்டி வண்டி மணியடித்துப் போனது, வந்தது.
கதவுக்கு வெளியே உட்கார்ந்து
உள்ளே எத்தனை மூச்சு என்று எண்ணப் பார்த்தேன்.
என் மூச்சே குறுக்கே வந்தது.

மூன்றாம் நாள் மதியம் கடல்காற்று திரும்பியது.
சாக்கைப் பிழிந்தால் மை.
ஐந்து பேர் வெளியே வந்து
ஒன்றும் நடக்காத மாதிரி குப்பையைக் கிளறினார்கள்.
சாம்பல் பெட்டை வரவில்லை.
அஞ்சலாட்சி இந்தத் தடவை
குழம்புப் பேச்சு எடுக்கவில்லை.
கடப்பாரையை நீட்டினாள்.

செவலை இன்னும் பலகைமேல்தான்.
சனிக்கிழமை இருபத்தோராம் நாள்.
பதினொன்றில் எத்தனை என்று யாரும் கேட்காதீர்கள்.
அதுவரை கக்கூஸ் அவளுடையது.

எப்போதும்போல் தோப்புப் பக்கம் ஒதுங்கலாம் என்று போனேன்.
மறைவுக்கு ஓர் இலை இல்லை.