மார்பு உயரம்

தரையிலிருந்து ஒன்று புள்ளி மூன்று ஏழு மீட்டர்.
மார்பு உயரம் என்கிறது கையேடு.
யாருடைய மார்பு என்று எழுதவில்லை.
எனக்கு அது முகவாய்.
குணவதிக்கு மூக்கு நுனி.
சரிவில் மேட்டுப் பக்கம் நின்றுதான் அளக்க வேண்டும்,
மேட்டுப் பக்கம் எப்போதும் முள்.

மன்னவனூர் தாண்டி மூன்றாவது வளைவில்
இருபதுக்கு இருபது மீட்டர் கயிறு கட்டிய சதுரம்.
உள்ளே வாட்டில் எழுபத்தொன்று, பைன் ஆறு.
அவற்றில் செத்தும் நிற்பவை நான்கு.
செத்ததற்கும் அலுமினியத் தகடு உண்டு,
ஓர் ஆணி, ஓர் எண்.

அடியிலேயே இரண்டாகப் பிரிந்தால்
இரண்டு மரம் என்று எழுது என்றார் அருள்செல்வின்.
மார்புக்கு மேலே பிரிந்தால் ஒன்றுதான்.
“கீழயே சண்டை போட்டாத்தான் தனிக்குடித்தனமா சார்?”
குணவதி கேட்டதை எழுதக் கட்டம் இல்லை.

உயரக் கருவியில் அடி தெரிந்தது, நுனியைக் காணோம்.
மஞ்சு இறங்கிவிட்டது.
நாற்பது நிமிடம்
கழுத்தை அண்ணாந்தபடி, வாயில் பென்சில்.
விலகிய ஒரு நொடியில்
பதினெட்டு என்று எழுதினேன்.
பத்தொன்பதாகவும் இருக்கலாம்.

நாற்பத்தொன்றாம் எண்ணை வெட்ட
அனுமதிக் கடிதம் வந்தது.
சமன்பாடு சொல்வது மெய்யா என்று பார்க்க
ஒரு மரமாவது விழ வேண்டும்.
தராசு, பூம்பாறையில் சின்னமாயன் மண்டியிலிருந்து இரவல்.
கொக்கியில் பூண்டு மணம்.
இலை தனி, சுள்ளி தனி, கிளை தனி,
உரித்த பட்டை தனி,
அடிமரம் எட்டுத் துண்டு.
வேரைத் தோண்டவில்லை.
நாலில் ஒரு பங்கு என்று
மண்ணுக்குள் பார்க்காமலே போட்டுக்கொள்ளலாமாம்.

துண்டுக்கு ஒரு வில்லை அறுத்து
நூற்றைந்து டிகிரி அடுப்பில் வைத்தோம்,
இனி எடை குறையாது என்னும்வரை.
நான்கு நாள்.
பாதி மரம் தண்ணீராகப் போனது.
மிச்சத்தில் பாதி கரி.
தில்லியில் கேட்பது அந்தப் பாதியின் பாதியைத்தான்.

சமன்பாடு: இருநூற்றுப் பதினான்கு கிலோ.
தராசு: நூற்றெண்பத்தொன்பது.

இருபத்தைந்து கிலோவை யார் தின்றது?

மறுபடி மேலே போய்ப் பார்த்தோம்.
அடி மூன்று துண்டும் பொந்து.
முழங்கை வரை கை போனது,
கறுத்த மாவு, ஈரம், ஒரு பூரான்.
பார்த்திருக்கத்தான் வேண்டும் நாங்கள், எடை போட்ட அன்றே.
அன்று மழை.
வெளியே சுற்றி வந்த நாடாவுக்கு
இது தெரிய வழியில்லை.

கண்டதிலிருந்து கணித்ததைக் கழித்தேன்.
மைனஸ் இருபத்தைந்து.
அட்டவணையில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு
எச்சம் என்று பெயர்.

“எச்சமா? இதோ கிடக்கே”
என்று காலால் காட்டினாள் குணவதி.
நாற்பத்தொன்றின் கிளை நீண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே
சருகின்மேல் வெள்ளை வெள்ளையாக,
காய்ந்தும் காயாமலும்.
அதற்குள் கொட்டைகள்.
சில கொட்டைகள் ஏற்கெனவே எழுந்து நின்றன:
காட்டு நாவல் ஐந்து,
எனக்குத் தெரியாத இலையில் எட்டு.
அவள் பெயர் சொன்னாள்,
எனக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை.

பத்து சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கீழே மரமில்லை.
கையேடு, பக்கம் ஒன்பது.
முழங்கால்கூட எட்டாததற்கு
மார்பு உயரத்தில் என்ன விட்டம் எழுதுவது?
பூஜ்ஜியம் போடலாம் என்றால்
அதுவும் ஓர் அளவு.
பென்சிலால் ஓரத்தில் பதின்மூன்று என்று எழுதி
எதன் பதின்மூன்று என்று எழுதாமல் விட்டேன்.

தராசைத் திருப்பிக் கொடுத்தபோது
கொக்கியில் ஒட்டிய பிசினை நகத்தால் சுரண்டியபடி
“மரம் கிலோ என்ன விலைக்குப் போச்சு?” என்றார் சின்னமாயன்.
இருவரும் அருள்செல்வினைப் பார்த்தோம்.
அவர் பூண்டு விலை கேட்டார்.

கடைசி நாள் சதுரத்தின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினோம்.
எழுபத்தாறு மரங்களுக்கிடையில்
நடக்க நிறைய இடம் இருந்தது.
குணவதி குனிந்து குனிந்து
ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்துக் கால் வைத்தாள்.
அவள் வைத்த இடத்தில் நான்.